கலுங்கில் ஒரு வரிசைக் கல்

தேவகோட்டை தாலுகா அலுவலகம்.
சமாதானக் கூட்டம், மூன்றாவது.
குறிப்பெழுதுகிறவன் நான்.
இருக்கும் ஒரே மின்விசிறியின் கீழ் தாசில்தார்.
மற்றவர்களுக்கு டீ.

பெரியேந்தல்காரர்கள்
தங்கள் கண்மாய்க் கலுங்கின் மேல்
ஒரு வரிசைக் கல் அடுக்கியது சித்திரையில்.
கீழே புளியவயல் அதைப் பெயர்த்தது ஒரே இரவில்.
பிறகு ஒரு மண்டை, ஏழு தையல்,
பதினோரு பேர் மீது வழக்கு.
அன்று கண்மாயில்
கொக்கின் கால் நனையவும் தண்ணீர் இல்லை.

சேவுகன் அம்பலம் எழுந்து
பாட்டன் காலத்துப் பட்டயம் என்றார்.
வெள்ளக்கண்ணு எழுந்து
கோர்ட் தீர்ப்பு நகல் என்றார்.
இரண்டையும் இணைப்பாகச் சேர்த்தேன்.

கதவோரம் அடைக்கலமேரி,
கடைமடையில் முக்கால் ஏக்கர்.
நாற்காலி ஒன்று காலியாகத்தான் இருந்தது.
யாரும் உட்காரச் சொல்லவில்லை,
அவளும் உட்காரவில்லை.
இதற்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது.

“கல்லு கெடக்கட்டும்யா.
மேக்க தைலமரக் காட்டச் சுத்தி
ஆளாழத்துக்கு அகழி வெட்டி வச்சிருக்காகளே,
பேயிற மழை
அதத் தாண்டி எந்த வழியா வரும்?”

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
தைலமரம் அரசாங்கத்துடையது.
தாசில்தார் டீயைக் கீழே வைத்து
“அது வேற துறை” என்றார்.
அப்படியே எழுதினேன்.

ஐப்பசியில் முதல் மழை விட்ட இரவு
எட்டு இடத்தில் அகழி தூர்ந்துபோனது.
புகாரில் கண்டபடி:
அடையாளம் தெரியாதோர் சுமார் நூறு பேர்,
மண்வெட்டிகளுடன்.
நேரில் பார்க்கப் போனதும் நான்தான்.
சேற்றில் பதிந்த கால்கள்
எந்த ஊர் என்று சொல்லவில்லை.
ஒரு டீ வாளி கவிழ்ந்து கிடந்தது.
பக்கத்தில் தம்ளர்,
ஒன்றே ஒன்று.
நூறு பேருக்கும்.

அறிக்கையில் அதைச் சேர்க்கவில்லை.
சேர்த்தால் சாட்சியம் ஆகிவிடும்.

கார்த்திகையில் பெரியேந்தல் கண்மாய் பெருகி
கலுங்கு தாண்டியது.
புளியவயலுக்கு முக்கால் கண்மாய்.
இன்று காலை
கலுங்கின் மேல் மறுபடி ஒரு வரிசைக் கல்.
போன தடவையைவிடச் சின்னக் கல்,
மரியாதைக்காக இருக்கலாம்.

அடைக்கலமேரி மனுவோடு வந்திருக்கிறாள்.
நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.
“மொதல்ல எழுதி முடிங்க.”
தேதி போட்டேன்.
பொருள் என்ற இடத்தில்
என்ன போட என்று கேட்டேன்.
குனிந்து, காய்ந்த சேற்றின் கோட்டைக்
காலில் தொட்டுக் காட்டினாள்.
“கணுக்கால்னு போடுங்க.”