ஒரே பெயருக்கு இரண்டு அர்ச்சனை

திருப்பரங்குன்றத்தில் உனக்கு அபிஷேகம் இல்லை.
மலையைக் குடைந்த மேனி, நனைக்கக் கூடாதாம்.
பாலும் தேனும் வேலுக்குத்தான்.
இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன்:
குளிப்பது வேல், மணப்பது நீ.

நீ தெய்வானையைக் கைப்பிடித்த இடத்தில்தான்
எனக்கும் தாலி ஏறியது.
அன்று மட்டும் நாற்பத்தொரு ஜோடி.
எந்தக் கெட்டிமேளம் யாருக்கென்று தெரியாமல்
யார் வீட்டு அட்சதையோ என் தலையிலும் விழுந்தது.
ரசீது இன்னும் இருக்கிறது ரேஷன் கார்டுக்கு அடியில்,
தேதி அழிந்து, பெயர் மட்டும் மிஞ்சி:
சோணைமுத்து – ஒச்சம்மாள்.

அப்புறம் அவர்
அழகர்கோவில் ரோட்டில் செங்கல் லாரி ஓட்டப் போனார்.
செவ்வாயும் வெள்ளியும் அங்கேயே தங்கல்.
"லோடு ஏத்த நேரமாகுது" என்றார்.
சட்டைப் பையில் நாவல்பழக் கறை.
நான் கேட்கவில்லை, துவைத்தேன்.
போகாத கறை அது. உனக்குத் தெரியாதா?

"முருகனுக்கே ரெண்டு" என்று
பல் குத்திக்கொண்டே சொன்னார் மச்சினர்.
அன்றிலிருந்து உன்னிடம்
சண்டை போடத்தான் வந்துகொண்டிருந்தேன்.
பழமுதிர்சோலைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.
தெருவே வேன் பிடித்துப் போனபோதும்
சரவணப் பொய்கையில் மீனுக்குப் பொரி போட்டபடி
இங்கேயே இருந்துவிட்டேன்.

இந்த ஐப்பசியில் அவர்
பெரியாஸ்பத்திரி மூன்றாம் மாடியில்
வாயில் குழாயோடு.
டாக்டர் கையை விரிக்கவும் இல்லை, மூடவும் இல்லை.
பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள்:
"ஒரு வீட்ல கேட்டுக் கிடைக்கலைன்னா
இன்னொரு வீட்ல போய்க் கேளுக்கா."
உன்னைத்தான் சொன்னாள் பாவம்.

கோரிப்பாளையத்தில் பஸ் ஏறினேன்.
பெண்களுக்குக் காசில்லாத சீட்டு.
அப்பன்திருப்பதி தாண்டுகிறவரை
ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.
அடிவாரத்தில் கோயில் வேன்,
வளைவுக்கு வளைவு குரங்கு.

சந்நிதியில் கூட்டம் இல்லை.
வலப்பக்கம் ஒருத்தி, இடப்பக்கம் ஒருத்தி,
நடுவில் நீ,
யாரையும் பார்க்காத அந்தப் பார்வையோடு.
தட்டை நீட்டினேன்.
"பேர், நட்சத்திரம்?"
"சோணைமுத்து. கேட்டை."
தட்டை வாங்காமல் என்னையே பார்த்தார் குருக்கள்.
"இப்பத்தானேம்மா சொன்னேன்,
சோணைமுத்து, கேட்டை."

தூணோரம் நின்றாள்.
என்னைவிட வயதாகித் தெரிந்தாள்,
அதை நான் எதிர்பார்க்கவில்லை.
வெறுங்காலோடு மலை ஏறியிருக்கிறாள்,
குதிகாலில் தார்.
கையில் தூக்குச்சட்டி நிறைய நூபுர கங்கை.

"இன்னொரு தடவையும் சொல்லுங்க சாமி," என்றாள்,
"ஒரு தடவை கூப்பிட்டு எந்திரிக்கிற ஆள் இல்லை அது."

விடிகாலை நாலு மணி லோடுக்கு
அவரை உலுக்கி எழுப்பியவளுக்கு மட்டும்
தெரிந்த சங்கதி.
எனக்கு மட்டும் என்று இருந்தேன்.
சிரிப்பு வந்துவிட்டது,
உன் முன்னாலேயே, முந்தானையைக் கடித்தும் அடங்காமல்.
குருக்கள் மறுபடி சொன்னார்.
இந்த முறை கொஞ்சம் சத்தமாக.

அதே வேன். அதே பஸ்.
கண்டக்டர் இரண்டு சீட்டைக் கிழிக்காமல் சேர்த்தே நீட்டினான்.
சட்டியிலிருந்து தண்ணீர்
அவள் மடியில் தளும்பிக்கொண்டே வந்தது.
மாட்டுத்தாவணி வரை பேச்சில்லை.
பிறகும் பேச்சில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள்.
பதினேழு நாளாக அங்கேதான் நிற்கிறாளாம்.
நோயாளிக்கு ஒரு பாஸ், அது என் கையில்.
தண்ணீர் அவள் கையில்.

பாஸை நீட்டினேன்.
"மூணாவது மாடி, இடது பக்கம், ஜன்னலோரக் கட்டில்.
முதல் தடவை நீ கூப்பிடு.
ரெண்டாவதுக்கு நான் வர்றேன்."