உறைந்த மழை

நவம்பர் தொடங்கி ஏப்ரல்வரை
கார்ன்வால் நகரசபைக்கு உப்பு லொறி ஓட்டுகிறேன்.
ஞாயிறு மாலை நாலு மணிக்கு
வெள்ளைக்காரர் கோயிலின் பேஸ்மெண்டில்
எங்கள் முப்பத்தொரு பேருக்கும் வேதம் வாசிக்கிறேன்.
இரண்டுக்கும் ஒரே குரல் என்கிறாள் மனைவி,
குளிரில் கட்டிய குரல்.

அன்று வந்தது
சிவப்பு வெளுக்கும் அந்த வசனம்.
எதைப்போல வெளுக்கும் என்ற இடத்தில்
பழைய மொழிபெயர்ப்பில்
உறைந்த மழை.

எழுதியவர் தன் ஊரில்
அதைக் கையால் அள்ளியிருக்கலாம்.
அவருக்குச் சொல் தேடிக்கொடுத்த முன்ஷி அள்ளியதில்லை.
ஒருவர் விரல்களை அசைத்து அசைத்துக் காட்ட
மற்றவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு
கண்ணை மூடி யோசித்திருப்பார்:
மழைதான்,
ஆனால் பாதி வழியில் நின்றுபோன மழை.

எத்தனையோ தலைமுறைக்கு அது போதுமாயிருந்தது.
ஐஸ்பழம் தவிர வேறு குளிர் அறியாத
என் தகப்பனும் அதைச் சொல்லித்தான் அழுதார்.

ஆசீர்வாதம் முடிந்ததும் ரூபவதி வந்தாள்,
இடக்கை மாவுக்கட்டில்.
"அண்ணை, போன செவ்வாய் விழுந்தது
உறைந்த மழைதானே?
ரேடியோவில அப்பிடித்தானே சொன்னவங்கள்?"
ஓம் என்றேன்.
"அது வெள்ளையே இல்லை. கண்ணுக்குத் தெரியாது.
தார் மாதிரியே கிடந்தது.
கோழி ஃபாக்டரி பஸ்ஸுக்கு ஓடினனான், கை போச்சு.
என்ர பாவத்தை ஆண்டவர் அதுவாக்கினா
நான் திரும்பவும் அதிலதானே சறுக்குவன்?"

அவள் சிரிக்கவில்லை.
நானும்.
அந்தச் செவ்வாய் விடியலில்
அவள் தெரு என் பட்டியலில் இருந்தது.

கமிட்டி கூடியது.
ஒரு புள்ளியையும் தொடக்கூடாது என்றார்
குலசிங்கம் மாஸ்டர், புத்தகத்தை மார்போடு அணைத்து.
ஜெரோம் லேப்டாப்பைத் திறந்தான்.
மழையை எடுப்போம், அதோடு சிவப்பையும் எடுப்போம்.
பாவம் என்பது இங்கத்தப் பிள்ளைகளுக்குக் கனம்.
'குறைகள்' என்று போட்டால்
புதிதாய் வருகிறவர் முகம் சுளிக்க மாட்டார்.

நல்ல பையன். நாற்காலி அடுக்குகிறவன்.

வாசிக்கிற வாய் என்னுடையதென்பதால்
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
மழையை மாற்றலாம் என்றேன்.
சிவப்பு இருக்கட்டும்.

ஏன் என்று சொல்லவில்லை.
குறை என்றால் அதற்குப் படிவம் இருக்கிறது.
தாமதம்: நாற்பது நிமிடம். காரணம்: கோப்பி.
சூப்பர்வைசர் கையெழுத்து வைப்பார்,
கோப்பு அலுமாரிக்குள் போகும்.
வெளுக்காது.

அந்த வாரம் முழுக்க ஸ்டியரிங்கில் சொல் தேடினேன்.
பனி என்றால் மாஸ்டருக்கு மார்கழிப் புல்நுனி.
ஸ்நோ என்றால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு.
மார்ச் மாத ஸ்நோவோ
டயர்க் கரியும் நாய் மூத்திரமும்.
பின்னால் உப்பு சிதறிக்கொண்டே வந்தது,
எந்தச் சொல்லையும் அது உருக்கவில்லை.

வியாழன் நாலரைக்கு, ஆற்றோரத் தெரு.
இரவெல்லாம் விழுந்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது.
முதல் சக்கரம் என்னுடையது.
லொறியை நிறுத்தினேன்.
உள்ளே போகக் கூசியது.

ஞாயிறு வாசித்தேன்:
சிவப்பை அச்சில் உள்ளபடி.
பிறகு, மூச்சு விட்டு,
'விடியுமுன்னே விழுந்த, ஒருவரும் மிதியாத ஸ்நோவைப்போல.'
மாஸ்டர் தன் பிரதியில் விரலை வைத்தபடி இருந்தார்.
விரல் நகரவில்லை,
தலையும் ஆடவில்லை.

காருக்குப் போகும் வழியில் ரூபவதியிடம் சொன்னேன்.
உங்கட தெரு என்ர பொறுப்பு.
நான் பிந்திப் போனனான்.
"எவ்வளவு?"
நாற்பது நிமிசம்.
"ஏன்?"
கோப்பி குடிச்சுக்கொண்டிருந்தனான்.

அவள் ஒன்றும் சொல்லாமல்
முன் சீட்டில் ஏறினாள்.
ஒரு கையால் பெல்ட்டை இழுக்கப் பார்த்தாள்,
வரவில்லை.
கதவைப் பிடித்தபடி நின்றேன்.
வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

இழுத்துக் கொடுத்தேன்.
பூட்டியது அவள்.