இடம் மாற்றிப் பார்த்தல்

ஆல்சிட் கிட்ரி ஆம்ப்ளிஃபையரைப்
பெஞ்சில் இறக்கும்போதே தீர்ப்பும் சொன்னான்:
"இப்போது வருகிற வால்வுகள் எல்லாம் மட்டம்.
ஒரே வருஷத்தில் மூன்று ஜோடி."

வெளியே லூசியானாவின் கனத்த மழை.
பின்பலகையைக் கழற்றினேன்.
ஃப்யூஸைச் சுற்றி
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.
"சனிக்கிழமை. பாதி நடனத்தில் நின்றுவிட்டது.
வேறென்ன செய்ய?"
நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

புது ஃப்யூஸ். சுவிட்ச்.
பட்டறை விளக்கை அணைத்தேன்.
கண்ணாடிக்குள் நீலம், அது பரவாயில்லை,
அந்த நீலத்தால் யாரும் செத்ததில்லை.
பிறகு இடதுபக்கத் தகடு மெல்லச் சிவந்தது,
காய்ச்சல்காரக் குழந்தையின் காதுமடல்.
"அழகு" என்றான்.
அணைத்துவிட்டேன்.

அணைத்தபின்னும் நம்பக் கூடாது.
கெபாசிட்டர்கள் கோபத்தை வைத்திருக்கும்.
ஒரு கை பாக்கெட்டில்,
மறு கையில் மீட்டர்:
முந்நூற்று எண்பது, இருநூறு,
நாற்பது,
நான்கு.

சூடு ஆறியதும்
துணியால் பிடித்து உருவினேன்.
இடதை வலதில். வலதை இடதில்.
மறுபடி சுவிட்ச்.

சிவந்தது இடதுதான்,
இதுவரை யாரும் குற்றம் சொல்லாத வால்வு.

கசிந்துகொண்டிருந்தது ஒரு குட்டிக் கெபாசிட்டர்.
ஒன்றரை டாலர். பற்றவைக்க ஐந்து நிமிடம்.
ஆல்சிட் அந்தக் காலி சாக்கெட்டையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேனில் ஏற்றும்போது சொன்னான்,
புது டிரம்மர் சரியில்லையாம்.
இந்த வருஷத்தில் மூன்றாவது ஆள்.

ரசீதில் எழுதினேன்:
வால்வுகள் நலம்.
ஃப்யூஸ் இரண்டு ஆம்பியர்,
தாள் சுற்ற வேண்டாம்.