பதினொரு மணி

யாருக்கும் நான் ஊசி போட்டதில்லை.
என்னிடம் இருப்பவை விழுக்காடுகள்,
ஜீப்புகளின் டீசல் பில்,
வராத ஊக்கத்தொகைக்கு வரும் தொலைபேசிகள்,
சென்னைக்குப் போய்ச் சென்னையிலேயே தங்கிவிடும் கோப்புகள்.

அன்று புதன். வெள்ளிக்கிழமை ஆய்வுக் கூட்டம்.
ஏற்காட்டுத் தாள்களைப் புரட்டினேன்.
தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு.
மலையிலிருந்து இவ்வளவு நல்ல எண் வந்தால்
எனக்கு முதலில் வருவது சந்தேகம்.
பதினாறு வருட உத்தியோகம் தந்த கெட்ட பழக்கம்.

குளிர்பெட்டிப் பதிவேட்டை அருகில் வைத்தேன்.
மருந்தாளுநர் ஜெரால்டின் நுணுக்கிய நீல மை:
தட்டம்மைக் குப்பிகள் வெளியே, மாலை நாலு பத்து.
மீதக் குப்பிகள் திரும்பியது, இரவு எட்டு.
செவிலியர் பதிவேட்டிலோ
குப்பி திறந்தது காலை பதினொரு மணி.
புதன்தோறும் பதினொன்று.
டிசம்பர் முழுக்கப் பதினொன்று.

திறந்த குப்பிக்கு ஆயுள் நாலு மணி நேரம்.
அப்புறம் அது மருந்தில்லை,
கிருமிக்கு வாடகையில்லாத வீடு.

பதினேழு பி குறிப்பாணையில்
பெயருக்கு மட்டும் இடம் விட்டுத்
தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு மலையேறினேன்.
அடிவாரத்தில் மாதையன் ஏசியை அணைத்தார்.
வளைவுக்கு ஒரு விசாரணைக் கேள்வியாக அடுக்கிக்கொண்டே போனேன்.
பதினான்காவது கொண்டை ஊசியில் வாந்தி வந்தது,
கேள்விகள் கலைந்தன.

கறுப்புக்கல் எஸ்டேட், எடைக் கொட்டகை.
மணி ஆறே கால்.
காப்பிப் பழம் பறித்த பெண்கள் சாக்கோடு வரிசையில்.
மேஸ்திரி கிலோவைக் கூவுகிறார்.
அவருக்கு ஒரு முழம் தள்ளி
ஸ்டூலின் மேல் தடுப்பூசிப் பெட்டி,
மப்ளர் கட்டிய சலேத்மேரி,
பல்லிடையில் கவ்விய செல்போன் வெளிச்சம்.
எடை போட்ட கையோடு வெள்ளச்சி
முதுகுத் துணியை அவிழ்த்துக் குழந்தையை நீட்டினாள்.
பழச்சாறு காய்ந்து ஒட்டிய விரல்கள்.
கத்தல். பஞ்சு. அடுத்த பெயர்.

"என்ன நேரம் எழுதுனீங்க?"
"பதினொண்ணு மேடம்."
"இப்ப மணி?"
பதில் சொல்லாமல் குப்பியை நீட்டினார்.
லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் 5.40.
"குப்பியில பொய் எழுத முடியாது மேடம்,
அது புள்ளைக்குள்ள போகுது."

"பகல்ல வந்தா அன்னிக்குக் கூலி யாரு குடுப்பா"
என்றது வரிசையில் ஒரு குரல், என்னைப் பார்க்காமல்.

"சரி, பதிவேட்டுல?"
"நாலு மணிக்கு மேல போட்டா ஆப் செவப்பாயிடுது மேடம்.
செவந்தா இந்தப் புள்ளைங்க கணக்குலயே ஏறாது."

நான் வாய் திறக்கவில்லை.
அந்தச் சிவப்பு என்னுடையது.
ராத்திரி வீட்டிலிருந்தே எண்களை நிரப்புகிறார்கள் என்று
சேலம் அலுவலகத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
நாலு மணிக்குப் பூட்டு கேட்டவள் நான்.
நல்ல யோசனை என்று வந்த பாராட்டுக் கடிதம்
என் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

வெள்ளிக்கிழமை ஆட்சியர் கேட்டார்,
மலையில் எப்படி இவ்வளவு?
பணியாளர்கள் நல்லவர்கள் என்றேன்.
சரிபார்க்கப்பட்டது என்ற கட்டத்தில்
பதினொன்றுகளுக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன்.
பெயரில்லாத குறிப்பாணை இழுப்பறையில் கிடக்கிறது.

மாலை அமர்வுக்கு அனுமதி கேட்டு எழுதியதற்கு
தை கடைசியில் பதில் வந்தது:
மாலை என்பது எத்தனை மணி முதல் என விளக்குக.
கூடுதல் எரிபொருள் எந்தக் கணக்குத் தலைப்பில்?
விளக்கினேன்.
அதற்குள் காப்பி முடிந்து
மிளகு பறிக்க ஏணி சாத்திவிட்டார்கள்.

ஜெரால்டு மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதுகிறார்,
எட்டு, எட்டு பத்து, ஏழு ஐம்பத்தைந்து.
மாற்றச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.
தணிக்கைக்கு யாராவது வருவார்,
என் கெட்ட பழக்கமே உள்ளவர்,
இரண்டு பதிவேட்டையும் அருகருகே வைப்பார்.
வைக்கட்டும்.
புதன்கிழமையாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.
ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளட்டும்.