கட்டம் பதினொன்று

இலந்தைச்சேனையில் முப்பத்தொரு வீடு.
மூதூர் பஸ் சந்தியோடு திரும்பிவிடும்.
அதற்கப்பால் மணல், ஈச்சம்பற்றை,
யானை முறித்துப்போட்ட ஒரு மின்கம்பம்,
பிறகு நாங்கள்.

கையில் அரசாங்கத்தின் டெப்.
கழுத்தில் அடையாள அட்டை.
நாய்களுக்கு அது தேவைப்படவில்லை.

பெயர், வயது, என்ன கூரை,
கிணறா குழாயா,
எல்லாம் ஓடிப்போகும்.
பதினொன்றாம் கட்டத்தில் வந்து நிற்கும்:
இனம்.
ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் திறக்காது.

தெய்வானைப்பிள்ளை நண்டு வலையில்
சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.
"போன முறை என்ன போட்டது?"
தமிழ் எண்டு, மாமி.
"அதுக்கு முதல்?"
அதுக்கு முதல் ஆர் வந்தது?
நாங்கள் அப்போது முகாமில்
ஒரு தறப்பாளின் இலக்கம்.
"அப்ப எதைப் போட்டா தண்ணி லைன் வரும்,
அதைப் போடு."

எங்களை முதலில் எழுதியவன்
சங்கிலி இழுத்து வந்த ஒரு நில அளவைக்காரனாம்.
வரைபடத்தின் இந்த மூலையில்
'குடியில்லாக் காடு' என்று எழுதினானாம்,
எங்கள் ஆட்கள் கொடுத்த தேனையும்
சுட்ட உடும்பையும் தின்று முடித்த கையோடு.
மெய்யோ பொய்யோ,
கதை எப்போதும் சிரிப்போடுதான் வரும்.

அதன்பிறகு கூப்பன் புத்தகம்.
பதிவதற்குப் பெயர் வேண்டும் என்றபோது
விதானையார் தன் மைத்துனன்மாரின் பெயர்களை
ஒவ்வொன்றாய்ப் பகிர்ந்து கொடுத்தார்.
என் பூட்டன் ஒரு புதன்கிழமை
காலை பத்து மணிக்குக்
கணபதிப்பிள்ளை ஆனார்.

பிறகு சண்டை. ஓட்டம்.
ஒருநாள் கடல் எழும்பி வந்தது.
மறுபடி ஓட்டம்.
வெருகல் ஆற்றைக் கடந்த ராத்திரியில்
எங்கள் தலைகளை எண்ணிய ஒரே ஆள் தோணிக்காரன்.
எண்ணியது காசுக்கு.

திரும்பி வந்தபோது
மரவள்ளிக்குள் வனத்திணைக்களத்தின் கல் முளைத்திருந்தது.
சத்தியராசன் இப்போது அதில்தான்
கத்தி தீட்டுகிறான்.

ஒன்பதாம் வீட்டில்
"வேடர் எண்டு போடுங்க அக்கா"
என்றான் துசாந்தன், போன் திருத்துகிறவன்.
யாரோ வந்து படம் பிடித்துப் போனதிலிருந்து
அந்தச் சொல்லுக்கு அவன் நெஞ்சை நிமிர்த்துகிறான்.
உள்ளே சட்டி விழுந்தது.
தாய் வந்தாள், கையெல்லாம் மா.
"அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான்
அஞ்சாம் வகுப்போட நான் நிண்டது.
பள்ளிக்கூடத்துத் தண்ணிப் பானையில
எனக்கு வேற கோப்பை வச்சவங்கடா."
"மறுகா ஏன் சடங்கில மட்டும்...?"
அவள் பதில் சொல்லவில்லை.

வைகாசியில் மூன்று இரவு
உருவேறி அவள் பேசும் பாஷையில்
தேனுக்கு வேறு பெயர்,
யானைக்கு வேறு பெயர்.
நாலாம் நாள் காலையில்
கடன்காரப் பெட்டையிடம் தவணை சொல்லத் தமிழ்தான்.
கட்டம் பன்னிரண்டு: பேசும் மொழிகள்.
மூன்று இரவுக்கு அங்கே இடமில்லை.

அவனுக்கு 'மற்றவை', அவளுக்குத் 'தமிழ்'.
ஒரே கூரை, ஒரே அடுப்பு.
சிவப்பு எழுத்தில் கேட்டது: சரிபார்த்தீர்களா?
சரி என்று அழுத்தினேன்.

பொழுதுபட என் வீடு, முப்பத்தோராவது.
பற்றரி நாலு வீதம்.
கேட்பவளும் நான், சொல்பவளும் நான்.
கூரை தகரம். கிணறு.
கணவர் கட்டாரில். பிள்ளைகள் இரண்டு.
பதினொன்று.
விரலை நீட்டினேன்.

வேலிப்பக்கம் வெடி கேட்டது.
டெப்பைப் பாயில் கவிழ்த்துவிட்டு
ஓட்டைத் தகரமொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
ஊரே தட்டியது.
தெய்வானைப்பிள்ளை சட்டியும் அகப்பையுமாய்,
சத்தியராசன் ஒரு பொச்சுமட்டைத் தீயோடு.
துசாந்தனின் தாய் இருட்டுக்குள் முன்னால் போய்
அந்த வேறு பெயரைச் சொல்லி
யானையை அதட்டினாள்,
சடங்கேதும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில்.

யானை நின்றது.
கேட்டதோ என்னவோ.
வாழையை முடித்துவிட்டுத்தான் போனது.