முப்பத்தேழு வெள்ளி

திருடன் வந்த இரவு நல்ல மழை.
காலையில் போய்ப் பார்த்தால்
பூட்டு பூட்டியபடி,
பித்தளை விளக்கு நின்றபடி,
ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு
கண்ணாடிக்கு அடியில் படுத்தபடி.
துரை பங்களாவின் கிராமபோன்கூட
வாயைப் பிளந்துகொண்டு அதே மூலையில்.

போனது ஒன்றே ஒன்று:
ஐந்து கிலோ எடைக்கல்.
தோட்டத்தில் பால் நிறுத்த தராசோடு
லோரிக்காரன் ஒருவன் என் தலையில் கட்டியது.
விலைச்சீட்டில் முப்பத்தேழு வெள்ளி.
இழுப்பறையில்
முப்பத்தேழு வெள்ளி இருந்தது,
ஈரமாக.

கோப்ரல் ரோஸ்லி தொப்பியைக் கழற்றினார்,
தலையைச் சொறிந்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.
"காசு வச்சிட்டுப் போனா அது திருட்டு இல்லக்கா.
அதுக்குப் பேரு வியாபாரம்."

மருந்துக்கடை ஆ லெங் பேய் என்றான்.
சில்லறை சரியாக வைக்கும் பேயா?
நாசி லெமாக் மைமூன் பைத்தியம் என்றாள்.
நான் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன்.
புக்கிட் லாலாங்கில்
பேரம் பேசாத மனிதன் இன்னும் பிறக்கவில்லை.
பகலில் வந்திருந்தால் முப்பதுக்கே கொடுத்திருப்பேன்.
அப்படியானால்
பகலில் அந்தக் கல்லோடு
தெருவில் நடக்க முடியாத ஆள்.

மத்தியானம் கணக்கு நோட்டைத் திறந்தேன்.
என் கோழிக்கிறுக்கலுக்குக் கீழே
மைப்பேனாவில், கோடு பிசகாமல்:
எடைக்கல், இரும்பு, 5 கிலோ, ஒன்று. ரி.ம. 37.00.
ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.
தேதிகூட இருந்தது.
பாவம்,
சாமான் நகர்ந்தால் பதிவு செய்யாமல்
அந்தக் கைக்குத் தூக்கம் வராது போல.

பின்னறையில் கரையான் மிச்சம் வைத்த
செக்ரோல் கட்டு ஒன்று கிடந்தது.
புரட்டினேன்.
எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று,
ஏழுக்கெல்லாம் அரைஞாண்.
கிராணி ஞானமுத்து.
இந்தக் கடை தோட்டத்துக் கூட்டுறவுக் கடையாக இருந்தபோது
சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது.
பழம்பொருள் கடைக்குப் பூட்டும் பழசாக இருக்கட்டுமென்று
நான்தான் மாற்றாமல் விட்டேன்.

சரி, ஏன் அந்தக் கல்?

வாங்கிய அன்று மீன்கடைத் தராசில் வைத்தபோது
ஐந்து புள்ளி நான்கு காட்டியது.
துரு, என்று நினைத்திருந்தேன்.
துரு இரும்பைத் தின்னும், ஊட்டாது.
கல்லுக்கு அடியில் ஈயம் பளபளத்தது
இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஐந்து கிலோவுக்கு நானூறு கிராம்.
ஒவ்வொரு வாளிக்கும்.
ஒவ்வொரு நாளும்.
"என் மரம் மட்டும் ஏன்டி இவ்ளோ கஞ்சம்?"
அம்மா கேட்பாள்,
பால் காய்ந்த விரல்களை உரித்துக்கொண்டே.

கோப்பிக்கடையில் எதிரே போய் உட்கார்ந்தேன்.
ஏழு வெள்ளியை மேசையில் வைத்தேன்.
"நீங்க கேக்காத தள்ளுபடி, ஐயா."

தட்டில் கிண்ணம் கிடுகிடுத்தது.
"ஈயக்குட்டையில போட்டுட்டேன்," என்றார்.
"ஈயம் ஊத்தச் சொன்னது?"
"துரை."
"எழுதினது?"
தன் கையைப் பார்த்தார்,
யாரோ மறந்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போல.

ரோஸ்லியிடம் போகவில்லை நான்.
துரையின் எலும்பு எந்த நாட்டு மண்ணிலோ.
ஒரு புது நோட்டு வாங்கினேன், நாலு வெள்ளி இருபது காசு.
"ஆள் வாரியா, நாள் வாரியா.
கணக்கு உங்களுக்குத் தெரியும். நீங்களே போடுங்க."

தினமும் பத்து மணிக்கு வருகிறார், சொந்தப் பேனாவோடு.
கிராமபோன் பக்கத்தில் நாற்காலி.
வாடிக்கையாளர்கள் விலை கேட்டால் அவரே சொல்கிறார்.
எண்பத்தைந்து மார்ச்வரை வந்தாயிற்று.
பூட்டை இன்னும் மாற்றவில்லை.

நேற்று அம்மா பேர் வந்தது.
பேனாவை மூடி வைத்தார்.
வெளியே செம்பனை லோரி ஒன்று போகும்வரை பேசவில்லை.
பிறகு கோப்பி கேட்டார்.

கொடுத்தேன்,
சீனி போடாமல்.