மூன்றாவது சனிக்கிழமைப் பயிற்சி

ஜெலுத்தோங் சமூக மண்டபம்.
மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றுகிறது.
வெளியே சுங்கை பினாங்கு
நல்ல பிள்ளைபோல ஓடுகிறது.
குலுக்கிப் போட்டதில் எனக்கு வந்த சீட்டு:
‘வீட்டுக்குள் வெள்ளம். நீ பேச மாட்டாய்.’

எதிர் நாற்காலியில் லோரி ஓட்டும் லோகேந்திரன்.
தொண்டூழியர் சட்டை வயிற்றில் பிடிக்கிறது.
ஏழு நிமிடம்.
‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று மட்டும்
சொல்லக் கூடாது;
பலகையில் நோர்லைலா சிவப்பில் எழுதியிருந்தார்.

உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார்.
மண்டபமே சிரித்தது. நானும்தான்.
பேசாதவள் சிரிக்கலாமா, சீட்டில் இல்லை.

மறுபடி.
இம்முறை வெகுநேரம் சுவரையே பார்த்தார்,
சேற்றுக்கோடு எந்த உயரம் என்று
தேடுகிறவர்போல.
பிறகு கேட்டார்:
“ஃப்ரிட்ஜ் மிதந்துச்சாம்மா?”

கையேட்டில் அப்படியொரு கேள்வி கிடையாது.

“மிதந்துச்சு” என்றேன்.
“மிதந்துபோய்க் கதவை அடைச்சுக்கிச்சு.”
“எங்களுக்கும்” என்றார்.
“பின்பக்கக் கதவை.”

அதற்குமேல் இருவரும் பேசவில்லை.
மிச்சமிருந்த நிமிடங்கள்
மின்விசிறிக்கு.

மணி அடித்தது.
நோர்லைலா மார்க்கரைத் திறந்தார்,
பலகை வரை போனார்,
மூடிவிட்டார்.